கடைமடைக்கு மின்சாரம்

கணக்கிடும் யந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் அறிவைப் பற்றியே பேசுகின்றனர். அவை உண்ணும் உணவைப் பற்றிப் பேசுவோர் அரியர். நகத்தளவேயுள்ள சில்லு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரத்தை, வேண்டிய அளவில், வேண்டிய கணத்தில் அதன் வாயருகே கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு விடையாக வந்தவையே பவர் மாட்யூல் எனப்படும் சிறு பெட்டகங்கள். அரசியல் தொண்டு புரியும் நேயர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். இப்பெட்டகத்தைச் செய்பவர் அதை நிறுத்திவிட்டால், அதை நம்பி யந்திரம் செய்வோரின் தொழிலே ஒரு நாளில் முடங்கக்கூடும். ஆகவே அக்கறை உண்டு என்கிறோம்.

1985ல் அமெரிக்காவின் சைலிங்க்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் எப்.பி.ஜி.ஏ. சில்லு, அதாவது வாங்கியவரே தம் விருப்பப்படி உள்ளமைப்பை வகுத்துக்கொள்ளத்தக்க சில்லு, 5 வோல்ட்டில் வேலை செய்தது. அதே கம்பெனியின் பிற்காலத்து அல்ட்ராஸ்கேல் பிளஸ் வகையின் உட்கருவோ 0.85 வோல்ட்டில் வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பெரிய சில்லுகள் உண்ணும் சக்தி குறையவில்லை. அழுத்தம் குறையக் குறைய, அதே சக்தியைக் கொடுக்க ஓட்டம் பெருகியாக வேண்டும். 100 வாட் உண்ணும் சில்லுக்கு 1 வோல்ட்டில் 100 ஆம்பியர் தேவை. வீட்டில் வெந்நீர் காய்ச்சும் 2,000 வாட் கருவி, 230 வோல்ட்டில் 9 ஆம்பியர்கூட இழுப்பதில்லை என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

அந்த 100 ஆம்பியர், ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கே தடையுள்ள செப்புப் பாதையில் சென்றாலும், வழியிலேயே 10 வாட் வெப்பமாகிப் போகும். சில்லைச் சேருமுன் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நாம் சொன்ன சில்லோ நூற்றுக்கு மூன்று பங்கு ஏறினாலும் இறங்கினாலும் பொறுக்காது. அதாவது அதற்கு அனுமதிக்கப்பட்ட பிசகு ஒரு வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆற்றில் வெள்ளம் புரண்டும் தன் வயலுக்கு நீர் வராத கடைமடை விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் 12 வோல்ட்டிலோ 48 வோல்ட்டிலோ மின்சாரத்தைக் கொண்டுவந்து, சில்லின் பக்கத்திலேயே அழுத்தத்தை இறக்குவது முறையாயிற்று. 12ஐ 48 ஆக்கினால் ஓட்டம் நாலில் ஒன்றாகி, வழிநஷ்டம் பதினாறில் ஒன்றாகிறது. கூகிள் கம்பெனி 2016ல் ஓபன் கம்ப்யூட் என்னும் கூட்டமைப்பில் சேர்ந்தபோது 48 வோல்ட் முறையைப் பொதுவில் முன்வைத்ததற்கு இக்கணக்கே ஆதாரம்.

இறக்கும் வித்தை எளியது. 12 வோல்ட்டை ஒரு ஸ்விட்ச் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரமே திறந்துவிட்டால் சராசரி 1 வோல்ட் ஆகிறது. விட்டு விட்டு வரும் அத்துடிப்பைக் காந்தச் சுருளும் கபாஸிடரும் சமனப்படுத்துகின்றன. வெட்டும் வேகம் வினாடிக்குப் பல லட்சம் தடவை. வேகம் கூடினால் சுருள் சிறுக்கும்; ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் வெப்பம் விரயமாகும். ஸ்விட்ச், சுருள், அவற்றை ஆளும் சர்க்யூட் யாவற்றையும் ஒரே உறைக்குள் அடக்கியதே மாட்யூல். ஒரே சில்லுக்கு ஐந்தாறு விதமான அழுத்தங்கள், அவையும் குறித்த வரிசையில் ஏற வேண்டுமென்றிருக்கையில், இந்தப் பெட்டகத்தால் பொறியாளருக்கு மாதக்கணக்கான உழைப்பு மிச்சமாகிறது. இந்தச் சௌகரியத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

சௌகரியத்தின் விலையைத்தான் கேட்கிறோம். ஒரு கம்பெனியின் பெட்டகத்திற்கு அடியிலுள்ள இணைப்புகளின் அமைப்பு மற்றொன்றினுடையதோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. சுருளையும் உள்ளடக்கிய மாட்யூல்களுக்குப் பெயர்பெற்ற என்பிரியன் கம்பெனியை 2013ல் ஆல்டெரா வாங்கியது. ஆல்டெராவை 2015ல் இன்டெல் வாங்கியது. பிற்பாடு இன்டெல் அந்தப் பொருள்வரிசையையே நிறுத்திவிட்டது. சட்டப்படி அதில் குற்றம் யாதுமில்லை. எனினும் ஆஸ்பத்திரிக் கருவியோ ரயில்வே சிக்னலோ பல்லாண்டு உழைக்க வேண்டியது. அதைச் செய்பவர் பலகையைப் புதிதாக வரைந்து, புதிதாகச் சோதித்து, அத்தாட்சியையும் மறுபடி பெற வேண்டிவரும்.

இந்த ஆபத்தை வியாபாரிகளே அறியாதவர்களல்லர். 2003ல் ‘போலா’ என்றும், 2004ல் ‘டோசா’ என்றும், பொது அளவுகளை வகுக்க இரு கூட்டணிகள் கிளம்பின. ஒற்றுமைக்காகவே இரண்டு கட்சிகள் பிறப்பது நம் நேயர்களுக்குப் புதிய காட்சியன்று. 2014ல் சி.யு.ஐ., எரிக்ஸன் பவர் மாட்யூல்ஸ், முராட்டா ஆகிய மூன்றும் சேர்ந்து மீண்டும் ஒரு கூட்டணி கண்டன. ஒருவர் பெட்டகம் இல்லையேல் மற்றவர் பெட்டகத்தை அதே இடத்தில் பொருத்தலாம் என்பது அதன் நோக்கம். இது நல்ல வழி என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் வாங்குவோர் வற்புறுத்தாத இடத்தில் விற்பவர் தாமாகவே தம் வேலியைப் பிரிக்க மாட்டார்.

வக்கீல் தொழிலில் பழகிய கண்ணுக்கு இந்த மாட்யூல்களின் விவரப் பத்திரங்களில் மற்றொன்றும் படுகிறது. ‘சாதாரணமாக’ இவ்வளவு என்று ஒரு பத்தியும், ‘குறைந்தபட்சம், அதிகபட்சம்’ என்று வேறு பத்திகளும் இருக்கின்றன. முந்தியது வெறும் எதிர்பார்ப்பு, பிந்தியவையே வாக்குறுதி. முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் மின்னும் ஆம்பியர் கணக்கு, காற்று நன்றாக வீசும் குளிர்ந்த இடத்தில் மட்டுமே கிட்டுவதாகவும் இருக்கலாம். வெப்பம் ஏற ஏற எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற வரைபடம் உட்பக்கங்களில் கிடக்கும். சென்னையின் சித்திரை வெயிலில், மூடிய இரும்புப் பெட்டிக்குள் வேலை செய்ய வேண்டிய யந்திரத்திற்கு அந்த வரைபடமே முக்கியம்.

பொதுப் பணத்தில் யந்திரம் வாங்கும் சர்க்கார் இலாகாக்களிடம் நாம் கேட்பது இதுவே. டெண்டர் பத்திரத்தில் இரண்டு ஷரத்துகளைச் சேர்க்கட்டும்: மின்னூட்டும் பெட்டகத்திற்கு மாற்றாக அதே இடத்தில் பொருந்தும் வேறொரு கம்பெனியின் பெட்டகம் இன்னதென்று விற்பவர் எழுத்தில் காட்ட வேண்டும், அப்படி ஒன்று இல்லையெனில், யந்திரத்தின் ஆயுட்காலத்திற்குப் போதுமான உபரிப் பெட்டகங்களை அவரே ஆரம்பத்தில் இருப்பு வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும்.