கணக்கர் வேலைக்கு முதல் விண்ணப்பம்

நெசவாளர் இல்லங்களிலும் உழவர் இல்லங்களிலும் வணிகவியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று பலர் உளர். தறியிலும் நிலத்திலும் கிடைத்த வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி, சில இல்லங்களில் கடனும் பட்டு, பெற்றோர் இவர்களைப் படிக்க வைத்திருக்கின்றனர். படிப்பு முடிந்து ஓராண்டு, ஈராண்டு கழிந்தும் முதல் வேலை கிட்டவில்லையெனில், "படித்து என்ன கண்டோம்?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. பெண்ணாயிருப்பின் அப்பேச்சு விரைவிலேயே கல்யாணப் பேச்சாக மாறிவிடுகிறது. வேலை கிட்டாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கையில் உள்ள ஒன்றை மட்டும் இங்கே ஆராய விரும்புகிறோம். விண்ணப்பத்தோடு அனுப்பப்பெறும் தன்விவரக் குறிப்பே அது. பெரியவர்கள் பயோடேட்டா என்றும், இளைஞர் ரெஸ்யூம் என்றும் சொல்வது இதனையே.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிடுவோம். கூட்டுறவு வங்கிகளிலும் கடன் சங்கங்களிலும் உதவியாளர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்துகிறது. அங்கே குறிப்பின் சிறப்பால் ஆவது ஒன்றுமில்லை. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்கள், கோவை ஆலைகள், ஈரோட்டு மஞ்சள் மண்டிகள், தணிக்கையாளர் அலுவலகங்கள் போன்ற இடங்களிலோ, ஆளைப் பார்க்குமுன் தாளைத்தான் பார்க்கின்றனர்.

நாம் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் அங்கத்தினர் சிலர், "பாப்பாவோட பேப்பரைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று இக்குறிப்புகளைக் கொணர்வதுண்டு. பெரும்பாலானவை பிரவுசிங் சென்டரில் ஒரே அச்சில் வார்த்தவை. கடின உழைப்பு, நேர்மை, குழுவாகப் பணியாற்றும் திறன், கற்கும் ஆர்வம் ஆகிய நான்கும் எல்லாரிடத்தும் தவறாமல் இருக்கின்றன! செலவு நியாயமானது என்று செயலாளர் எழுதிவைத்து, ரசீதை வைக்காவிடில் தணிக்கையில் அதனை ஏற்பாருண்டோ? கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவரும் அத்தகையவரே. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஆதாரம் நிற்கவேண்டுமென்று எதிர்பார்ப்பவர் அவர்.

இக்குறிப்புகளில் நம்மை மிகவும் வருத்துவது 'அனுபவம்: இல்லை' என்னும் வரியாகும். அஃது உண்மையன்று என்பது நமது துணிபு. சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பார்ப்போம். சங்கம் நூலை எடைபோட்டுத் தருகிறது. போர்வைகளை எண்ணி வாங்குகிறது. சேமிப்புக்குப் பிடித்தம் செய்து மீதிக் கூலியைக் கணக்கில் வரவு வைக்கிறது. இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி, கழிவு எவ்வளவு, கூலியில் ஏதேனும் விட்டுப் போயிற்றா என்று பார்ப்பவள் பல வீடுகளில் படித்த மகளே. சரக்கு இருப்பும் கூலிப் பட்டியலும் இவையன்றி வேறென்ன? அவள் பின்வருமாறு எழுதலாம்: "2022 முதல் 2025 வரை எங்கள் தறிக் கணக்கை எழுதினேன். நூல் வரவு, போர்வை ஒப்படைப்பு, கூலி, பிடித்தம் ஆகியவற்றை மாதந்தோறும் சங்கத்துப் பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்." எத்துணைத் தறிகள் என்பதையும் சேர்த்தால் மிகவும் நன்று.

மஞ்சள் பயிரிடுவோர் இல்லத்துப் பிள்ளையும் அவ்வாறே. ஏலத்தில் விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு வேறு விலை. குவிண்டால் கணக்கில் தொகை போட்டு, பிடித்தங்களைக் கழித்து, கைக்கு வந்ததைப் பயிர்க்கடன் பாக்கியோடு வைத்துப் பார்த்த பையன் கணக்கறியாதவன் ஆகான். ஆயினும், தந்தையின் மூன்று ஏக்கருக்குக் கணக்கு எழுதியவன் தன்னை 'நிதி மேலாளர்' என்று குறித்துக்கொள்ளலாகாது. நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

'டாலி தெரியும்' என்ற இரு சொற்களும் போதா. வரவு செலவுச் சீட்டுகளைப் பதிந்ததுண்டா, வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்ததுண்டா, இருப்பாய்வு எடுத்துப் பார்த்ததுண்டா என்பதை எழுதவேண்டும். பல இடங்களில் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, நான்கு பில்களைக் கையில் கொடுத்துவிடுகின்றனர். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் இருப்பதால், அதன் வேலை தெரிந்தவருக்கு மதிப்பு மிகுதி. சரக்கை விற்றவர் தாக்கல் செய்த பில் 2பி அறிக்கையில் காணப்படாவிடில், வாங்கியவருக்கு அவ்வரிக்கான வரவு கிட்டாது. ஆகவே கொள்முதல் பில்களை அவ்வறிக்கையுடன் ஒப்பிடத் தெரிந்தவரைச் சிறு நிறுவனங்கள் விரும்பி எடுக்கின்றன. இதனைக் கற்றவர் அவ்வாறே பெயர் சொல்லி எழுதுக, கல்லாதவர் எழுதாதொழிக.

மதிப்பெண் குறித்து ஒரு சொல். 600-க்கு 412 என்று எழுதி, அருகில் 72 சதவீதம் என்று போட்ட தாள் மேற்கொண்டு படிக்கப்பெறாது. அது 68.67 அன்றோ? மற்ற வேலைகளில் இதனை எழுத்துப் பிழையென்று மன்னிப்பர். கணக்கு வேலையில் மன்னியார். தவறிய பாடத்தைப் பின்னர் எழுதித் தேறியிருந்தால், தேறிய ஆண்டை உள்ளபடி குறிப்பதே முறை.

தாள் ஒன்று போதும். பெயர், ஊர், நிலையான தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை மேலே இருக்கட்டும். அண்ணன் எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்தபோது அவர் வெளியூரில் இருந்தார் என்பது நாம் அடிக்கடி கேட்கும் கதை. சாதி, மதம், தந்தையார் வருமானம் இவற்றுக்கு அங்கே இடமில்லை. ஆதார் எண்ணை அறிமுகமில்லாதோர்க்கு அனுப்புவதோ ஆபத்து.

சங்க நிர்வாகிகளும் இதில் ஓர் உதவி செய்யலாம். ஆண்டுதோறும் மார்ச் 31-இல் சரக்கு இருப்புச் சரிபார்ப்பு நடைபெறுகிறது. செயலாளரும் இயக்குநர்களும் உடனிருக்க, நூல் மூட்டைகளையும் போர்வைக் கட்டுகளையும் எண்ணிப் பட்டியலெழுதும் வேலையில், அங்கத்தினர் வீட்டுப் பட்டதாரிகள் இருவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வேலைதான். முடிந்தபின், செய்த வேலை இன்னதென்று குறித்து, சங்கத்து முத்திரையுடன் ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம்.