சுழன்று உதைக்கிற உதையின் சூட்சுமம்

மாலையானால் லயத்து வாசலிலே நம்ம பையன்கள் ஒற்றைக்காலில் சுழன்று உதைத்துப் பழகுவதைப் பார்க்கிறோம். இப்போது பெண்பிள்ளைகளும்தான். படத்தில் பார்த்ததைச் செய்கிறார்கள். "ஒல்லியான ஆள் சுழன்று உதைத்தாலும் பெரிய ஆள் விழுகிறானே, எப்படி ஐயா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் டைக்குவாண்டோ, 80 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவின் இறுதிப் போட்டி. தென் கொரியாவின் மூன் டே-சங் ஒரு பக்கம், கிரேக்க நாட்டின் அலெக்சாண்ட்ரோஸ் நிக்கோலைடிஸ் மறுபக்கம். முதல் சுற்றிலேயே மூன் பின்பக்கமாகச் சுழன்று காலை வீசினார். அது தலையில் பட்டது. அத்தோடு போட்டி முடிந்தது. இரண்டு பேருமே பாரமான ஆட்கள்தான். ஆகவே பாரத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை, வேகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வேகம் காலில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. நிற்கிற பாதம் தரையைத் திருகித் தள்ளுகிறது, தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. பாசி பிடித்த வாசலில் இது நடக்காது, வழுக்கி விழுவதுதான் மிச்சம். மேலே எழும்பிய பிறகு புதிதாகச் சுழற்சி எடுக்கவும் முடியாது. தரையில் எடுத்துக்கொண்டதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். 45 சென்ரிமீற்றர் உயரம் எழும்புகிற ஒருவர் ஆகாயத்தில் இருப்பது 0.6 வினாடி மாத்திரமே.

ஆனால் எடுத்த சுழற்சியை வேகப்படுத்த ஒரு வழி உண்டு. கைகளை மார்போடு ஒட்டி, உதைக்கிற காலையும் மடக்கினால் உடம்பு விர்ரென்று சுழலும். விரித்தால் வேகம் குறையும். அதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் தலையைத் திருப்பிக் குறி பார்க்கிறார்கள், பின்பு இடுப்பு வருகிறது, கால் கடைசியாகத்தான் நீள்கிறது. கால் நீளும்போது உடம்பு சற்று மெதுவாகும். அந்தச் சுழற்சியில் பெரும்பங்கு காலுக்குப் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதம் உடம்பின் நடுவிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில், வினாடிக்கு இரண்டு சுற்று வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அது வினாடிக்குப் பன்னிரண்டரை மீற்றர். மணிக்கு 45 கிலோமீற்றர்! தோட்டத்துப் பாதையிலே கொழுந்து லொறிகூட அப்படி ஓடாது. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் சக்தி நாலு மடங்காகும். அதோடு ஒரு கால் என்பது நமது உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

இதில் ஆபத்தும் உண்டு. சுழலும்போது ஒரு கணம் முதுகைக் காட்டுகிறோம், எதிராளி கண்ணுக்குத் தெரிவதில்லை. இப்படிக் கஷ்டமானது என்பதால் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் உடம்பில் சாதாரண உதைக்கு 2 புள்ளி, சுழன்று உதைத்தால் 4. தலைக்கு 3, சுழன்றால் 5.

எனக்குக் கவலை முழங்காலைப் பற்றித்தான். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடக்கி நீட்டத்தான் ஏற்றது, முறுக்க அல்ல. சொரசொரப்பான சீமெந்துத் தரையில், றப்பர் அடியுள்ள சப்பாத்தோடு சுழன்றால் பாதம் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்கு வந்து உள்ளே இருக்கிற நார் அறுந்து போகலாம். மலையேறி இறங்கிப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா? குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் சுழல வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று திருத்த ஒரு பயிற்சியாளர் வேண்டும். பழகுகிற பிள்ளைகள் ஒருவர் தலைக்கு ஒருவர் குறிவைக்கவே கூடாது. தலைக்கவசம் போட்டாலும் உள்ளே மூளை குலுங்கத்தான் செய்யும்.

சுழலும்போது முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், எண்ணெய் போட்டு உருவி உளுக்கு எடுக்க வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.