யாரும் காணாத இடத்தில் ஒரு படிப்பு

இரவு மணி பதினொன்று. வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டனர். முன்னறையில் மட்டும் ஒரு விளக்கு எரிகிறது. பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துக் களைத்த குடும்பத் தலைவர் ஒருவர், கணிப்பொறியின் முன் அமர்ந்து, கடல் கடந்த அட்லாண்டா நகரில் ஒரு பேராசிரியர் நடத்திப் பதிவுசெய்த பாடத்தைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"சுவாமி, இவருக்கு நல்ல வேலை இருக்கிறது. இந்த வயதில் இன்னும் என்ன படிப்பு? பிள்ளைகள் அப்பாவோடு பேசியே நாளாகிறது" என்று அவருடைய துணைவியார் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய குறையில் நியாயம் உண்டு. கணவருடைய முயற்சியிலும் நியாயம் உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

படிப்பின் தேவை

அவர் படிப்பது சைபர் செக்யூரிட்டி, அதாவது கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையில் முதுகலைப் பட்டம். இது வீண் ஆடம்பரமன்று. நம் வங்கிக் கணக்கும், மருத்துவமனையின் ஏடுகளும், மின்நிலையத்தின் இயக்கமும் இன்று கணிப்பொறிகளை நம்பியே நிற்கின்றன. 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்னும் தீய நிரல் பரவியபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணிப்பொறிகள் பூட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் நின்றுபோயின. அது நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. திருத்தம் இருந்தும், அதை உரிய காலத்தில் பொருத்தாத இடங்களிலேயே துன்பம் விளைந்தது. விழித்திருக்கும் காவலர் எத்துணைத் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்தகைய காவலரை உருவாக்கும் கல்வியை வேலையில் இருப்போரும் பெறும்படி வழிசெய்த நிறுவனங்களுள் ஒன்று, 1885-இல் நிறுவப்பட்ட ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம். 2014 சனவரியில் கணிப்பொறி அறிவியலுக்கு இணையவழி முதுகலைப் படிப்பைத் தொடங்கிய இக்கழகம், 2019 சனவரியில் சைபர் செக்யூரிட்டிக்கும் தொடங்கியது. முழுப் படிப்புக்கும் கட்டணம் 10,000 டாலருக்குள் அடங்கும் என்பது அன்றைய அறிவிப்பு. நேரில் சென்று படிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட இது மிகக் குறைவு. தகவல் பாதுகாப்பு, மின்கட்டமைப்பு போன்று கணிப்பொறியால் இயக்கப்படும் பௌதிக அமைப்புகளின் பாதுகாப்பு, பொதுக்கொள்கை என மூன்று பிரிவுகள் உண்டு. மொத்தம் 32 அலகுகள். அவற்றுள் செயல்முறைப் பயிற்சியும் அடங்கும். நம் நாட்டிலும் கான்பூர் ஐ.ஐ.டி. 2022 முதல், 'கேட்' தேர்வு எழுதாமலே பணியாற்றுவோர் சேரத்தக்க இணையவழிப் பட்டப் படிப்பை இத்துறையில் நடத்திவருகிறது.

பூட்டை உடைக்கக் கற்பதா?

இப்படிப்பில் ஒரு விந்தை உண்டு. காவலுக்குப் போகிறவருக்கு முதலில் களவின் வழிகளையே கற்பிக்கிறார்கள்! நான்கு படி கொள்ளும் மரக்காலில் ஆறு படி நெல்லைக் கொட்டினால் என்னவாகும்? மிகுதி வழிந்து பக்கத்தில் உள்ளதன்மேல் விழும். கணிப்பொறியின் நினைவகத்திலும் அப்படியே. அளவைச் சரிபாராத நிரலுக்குள் அளவுக்கு மிஞ்சிய எழுத்துகளைக் கொட்டினால், அவை வழிந்து அடுத்த இடத்தில் உள்ள கட்டளையை மாற்றிவிடும். இந்த ஓட்டை வழியாக நுழைவது எப்படி என்பதை மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்கவேண்டும். பயிற்சிக்கென்றே அமைக்கப்பட்ட போலிக் கணிப்பொறியில்தான் செய்யவேண்டும். அதற்கு வெளியே ஒரு நிரலையும் தொடலாகாது.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன நேரும்? 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் என்பவர், இதே 'அளவு மிஞ்சும்' வழியையும் வேறு சில வழிகளையும் பயன்படுத்தித் தானே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அப்போது அவருக்கு வயது 22. அவருடைய தந்தையார் அமெரிக்க அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி! எதையும் அழிக்க மகன் எண்ணவில்லை. ஆயினும் அவர் செய்த கணக்குப் பிழையால், நிரல் ஒரே கணிப்பொறியில் மீண்டும் மீண்டும் புகுந்து அதைத் திணறடித்தது. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் முடங்கின என்பது அக்கால மதிப்பீடு. 1990-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பின்னாளில் அவரே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். அறிவு அன்றும் அதுவேதான், இன்றும் அதுவேதான். அதை எங்கே நிறுத்துவது என்பதை அவர் பெருவிலை கொடுத்துக் கற்றார்.

சாட்சி யார்?

வீட்டிலிருந்து படிப்பவருக்கு இப்பாடம் இன்னும் நெருக்கமானது. அவரைச் சுற்றி வகுப்புத் தோழரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. தேர்வின்போது கேமராவழிக் கண்காணிப்பு உண்டு. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எழுதியவற்றோடு ஒப்பிட்டு நகலைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் நள்ளிரவில், விடை தோன்றாத வேளையில், பிறர் செய்து வைத்ததை எடுத்து ஒட்டும் சோதனை வரும்போது அவரைத் தடுப்பது எது? அவருடைய மனச்சாட்சி ஒன்றே. நாளை ஒரு வங்கியின் சாவிக்கொத்து முழுவதும் அவர் கையில் கொடுக்கப்படும். இன்று ஒரு வீட்டுப்பாடத்தில் நேர்மையாய் இராதவர் அன்று எப்படி இருப்பார்? தனிமையில் நேர்மை என்பதே இத்துறையின் முதற்பாடமென்று நாம் கருதுகிறோம்.

வீடு செலுத்தும் கட்டணம்

டாலரில் கட்டும் கட்டணத்தைவிடப் பெரிது வீடு கட்டும் கட்டணம். ஒரு பாடத்திற்கு வாரந்தோறும் 10 மணி நேரம் வேண்டும். கடினமான பாடமானால் 20 மணியும் போதாது. பருவத்திற்கு ஒரு பாடமாகப் படித்தால் மூன்றாண்டுக்கு மேல் ஆகும். அட்லாண்டாவில் மாலை 7 மணிக்கு ஆசிரியரிடம் ஐயம் கேட்க விரும்பினால், நமக்கு அது விடியற்காலை 4.30, அங்கே குளிர்காலமானால் 5.30. இத்தனை மணியும் எங்கிருந்து வரும்? உறக்கத்திலிருந்தும், மனைவி மக்களின் பங்கிலிருந்துமே வரும். ஆகவே இதைத் தனி ஒருவரின் முடிவாகக் கொள்ளலாகாது. குடும்பம் கூடி எடுக்கவேண்டிய முடிவு இது.

சேருமுன் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நிரல் எழுதும் பயிற்சி போதிய அளவு இருக்கிறதா? அந்தப் பட்டத்தை நீங்கள் நாடும் வேலை ஏற்றுக்கொள்ளுமா? குறிப்பாக அரசுப் பணியை நாடுவோர் இதை எழுத்து வடிவில் கேட்டறிவது நலம். கடன் வாங்கிப் படிப்பவர், நடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வதென்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். முதற்பருவத்தில் ஒரே பாடத்தை எடுத்து, உடலும் வீடும் தாங்குமா என்று காண்பதே அறிவுடைமை.

முதலிற் சொன்ன தம்பதியரை அழைத்துப் பேசினோம். "எனக்கு இது இவ்வளவு பாரமாயிருக்கும் என்று அவளிடம் நான் சொல்லவேயில்லை, சுவாமி" என்றார் கணவர். பருவத்திற்கு ஒரு பாடம் என்றும், ஞாயிறு முழுவதும் கணிப்பொறி மூடியே இருக்கும் என்றும் முடிவாயிற்று. படிப்பு ஓராண்டு நீளும், நீளட்டுமே!

அண்மையில் அவ்வீட்டுக்குச் சென்றபோது அந்த அம்மையார், "என் செல்போனுக்கு வந்த மோசடிச் செய்தியை நானே கண்டுபிடித்துவிட்டேன், சுவாமி. அவர்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றார். படிப்பின் பயன் வீட்டிலேயே தொடங்கிவிட்டது.