பழைய பிக்கப்புக்கு ஓட்டோ கியர்: அப்பாவின் முழங்காலும் ஒரு ஹாஃப்கட் எஞ்சினும்

பழைய பிக்கப் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். எஞ்சின் புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது. வண்டியை விற்றுவிடுவதா, புது வண்டிக்கு ஒன்பது ஆண்டுக் கடன் போடுவதா, இல்லை வேறு எஞ்சின் ஏற்றி இன்னும் பத்து வருடம் ஓட்டுவதா? எஞ்சினை மாற்றும்போதே கியரையும் ஓட்டோவாக மாற்றலாமே என்ற யோசனை அடுத்து வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது.

நாங்கள் இருப்பது பெர்மாஸ் ஜெயாவில். அப்பாவுக்குக் கோயில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பூ, வாழை இலை கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். கைக்கு உதவியாக இருந்தது 1990-களில் வந்த 2.8 லிட்டர் டீசல் ஹைலக்ஸ். விடியற்காலையில் கிளம்பினாலும் திரும்பும்போது தெப்ராவ் ஆற்றுப் பாலத்தில் நெரிசல், பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் பயணம். ஒவ்வொரு முறை நகரும்போதும் இடது கால் கிளட்சை மிதிக்க வேண்டும். அப்பாவுக்கு 63 வயது. இடது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பாவோ, "கிளட்ச் கனமா இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். அதனால் பட்டறைக்காரர் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு அது உதவும் என்றுதான் இந்தக் கட்டுரை.

டீசலா, பெட்ரோலா?

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் எஞ்சினும் ஓய்ந்தது. பெட்ரோல் எஞ்சினுக்கே மாறிவிடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். ஹைலக்ஸில் 1ஜேஇசட் போன்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஏற்றுபவர்கள் இங்கே நிறைய பேர்.

பிளெந்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார். "அண்ணே, வண்டியில பாரம் ஏத்துவீங்களா, காத்தடிச்சிக்கிட்டு சும்மா ஓட்டுவீங்களா?" பாரம் ஏற்றும் வண்டிக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை வேண்டும். அது டர்போ டீசலில் கிடைக்கும். பெட்ரோல் ஆறு சிலிண்டர் நன்றாக இழுக்க எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். நெரிசலில் பாரத்தோடு நின்று நின்று போனால் எண்ணெயும் அதிகம் குடிக்கும். லிட்டர் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது. எரிபொருள் வகை மாறினால் கிரான்ட்டிலும் அதை மாற்ற வேண்டும்.

கடைசியில் டொயோட்டாவின் 1கேஇசட்-டிஇ எஞ்சினை எடுப்பதென்று முடிவானது. 2,982 சிசி, டர்போ டீசல். 1993-இல் அறிமுகமாகி ஹைலக்ஸ் சர்ஃப், பிராடோ போன்ற வண்டிகளில் ஓடியது.

ஜோடியாக வாங்குங்கள்

"எஞ்சினை வாங்கிட்டு அப்புறமா கியரைத் தேடாதீங்க. ஒண்ணா ஓடிக்கிட்டு இருந்த ஜோடியாவே வாங்குங்க" என்றார் அண்ணன். ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் இதற்குத்தான் வசதி. வண்டியின் முன்பாதி அப்படியே வருவதால் எஞ்சின், கியர்பாக்ஸ், வயர்கள், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வண்டியின் சாமானாக இருக்கும்.

இதில் விஷயம் இருக்கிறது. டொயோட்டா பிக்கப்களில் பரவலாகக் காணப்படும் ஏ340 என்ற நான்கு கியர் ஓட்டோவைச் செய்தது ஐசின் நிறுவனம். இதே கியர் பெட்ரோல் கார்களிலும் உண்டு, டீசல் வண்டிகளிலும் உண்டு. எஞ்சினோடு சேரும் முன்பகுதி தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே வேறு. பெட்ரோல் எஞ்சின் 6,000 சுற்றைத் தொடும். இந்த டீசல் 4,000-ஐத் தாண்டியதும் திணற ஆரம்பித்துவிடும். பெட்ரோலுக்கு அமைத்த கியரை டீசலில் மாட்டினால், எஞ்சின் கத்தித் தீர்த்த பிறகுதான் அடுத்த கியர் விழும்.

பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்தையும் பாருங்கள். ஏ340இ என்றால் பின்சக்கர இழுவை. ஏ340எஃப் என்றால் நான்கு சக்கர இழுவை. நான்கு சக்கர வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன் அச்சுக்குப் போகும் தண்டு சில மாடல்களில் இடப்பக்கமும் சில மாடல்களில் வலப்பக்கமும் இறங்கும். நம் வண்டியின் முன் அச்சோடு அது பொருந்த வேண்டும். எங்கள் வண்டிக்குச் சரியான பக்கம் இறங்கும் ஜோடி கிடைக்க மூன்று யார்டுகள் ஏறி இறங்கினோம்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதலில் கியர் எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, தொடவே வேண்டாம்.

அடுத்து, ஹாஃப்கட்டை அங்கேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது டி-யிலும் ஆர்-இலும் போட்டால், சற்றைக்கெல்லாம் கியர் பிடிப்பது தெரிய வேண்டும். நெடுநேரம் தாமதித்தாலோ, டம்மென்று இடித்தாலோ அடுத்த யார்டுக்குப் போகலாம்.

மூன்றாவது, முடிந்தால் கியரின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருப்பது சகஜம். உலோகத் துணுக்குகள் கிடந்தால் அந்தக் கியர் வேண்டாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஓட்டோ கியரின் இதயம் டார்க் கன்வெர்ட்டர். எதிரெதிராக இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். கிளட்ச் மிதி இல்லாமலேயே வண்டி நிற்கவும் நகரவும் முடிவது இதனால்தான். வண்டி கிளம்பும்போது இழுவையைப் பெருக்கித் தருவதும் இதுதான். ஏ340-இன் முதல் கியர் 2.804, மேனுவல் பிக்கப்பின் முதல் கியரை விடக் குறைந்த பெருக்கம். ஆனாலும் பாரத்தோடு கிளம்பும்போது அது தெரிவதில்லை.

இந்தக் கன்வெர்ட்டரை எண்ணெய் பம்ப்புக்குள் முழுமையாக உட்காரவைத்த பிறகே கியரை எஞ்சினோடு சேர்க்க வேண்டும். கையால் தள்ளும்போதே இரண்டும் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும்.

ரேடியேட்டரை மறந்துவிடாதீர்கள். மேனுவல் வண்டியின் ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி இருக்காது. ஓட்டோ வண்டியின் ரேடியேட்டரைப் போட வேண்டும், அல்லது தனியாக ஒரு கூலர் வைக்க வேண்டும். ஓட்டோ கியரைக் கொல்வது சூடுதான். நம் ஊர் வெயிலில், நெரிசலில், பாரம் ஏற்றும் வண்டிக்கு இரண்டையுமே வைப்பது நல்லது என்றார் அண்ணன். வைத்தோம்.

கியருக்குப் போகும் திராட்டல் கேபிளும் முக்கியம். மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கியருக்குச் சொல்வது அது. தொய்ந்துபோனால் எண்ணெய் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும். பின் அச்சுக்குப் போகும் தண்டைப் புதிய நீளத்துக்கு வெட்டினால், பேலன்ஸ் செய்துதான் மாட்ட வேண்டும். பி அல்லது என்-இல் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் சுவிட்சை வயரிங் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சினின் பலம் கூடுவதால் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று. அச்சின் விகிதம் 4.1, நான்காவது கியர் சுமார் 0.7, சக்கரம் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுமார் 2,400 சுற்றில் ஓடும். மூன்றாவது கியரிலேயே நின்றால் 3,400. இந்த வேறுபாடு எண்ணெய்ச் செலவிலும் எஞ்சின் ஆயுளிலும் தெரியும்.

கிரான்ட்டில் ஏறாவிட்டால்

எஞ்சின் எண் கிரான்ட்டில் இருக்கிறது. ஆகவே எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே-யிடம் அனுமதி பெற்று, வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய், புதிய எண்ணையும் சிசி-யையும் பதிய வேண்டும். யார்டில் ரசீதோடு எஞ்சினின் சுங்கப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். பத்திரம் தராத யார்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சிசி மாறினால் சாலை வரியும் மாறும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு கிரான்ட்டில் ஒரு எஞ்சினும் வண்டியில் வேறொரு எஞ்சினும் இருந்தால் இழப்பீடு கேட்டு நிற்க முடியாது.

பட்டறையில் விலை பேசும்போது எஞ்சின் விலையை மட்டும் பேசாதீர்கள். ரேடியேட்டர், தண்டு, வயரிங், மவுண்டிங், எண்ணெய், ஜேபிஜே வேலை எல்லாம் அதில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். பணம் ஓடுவது இந்தச் சில்லறைகளில்தான்.

வீட்டில் வந்த மாற்றம்

நாங்கள் எதிர்பார்க்காத நன்மை ஒன்றும் கிடைத்தது. என் தம்பி எடுத்திருப்பது டிஏ உரிமம், அதாவது ஓட்டோ மட்டும். இத்தனை நாள் அவனால் ஹைலக்ஸைத் தொட முடியாது. இப்போது சனிக்கிழமைகளில் மண்டபங்களுக்கு அவன்தான் இலை கொண்டுபோகிறான். அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

மற்ற நாள்களில் அப்பாவே ஓட்டுகிறார். காலையில் எஞ்சினை ஓடவிட்டு, கியர் எண்ணெய்க் குச்சியைத் துணியால் துடைத்து நிறம் பார்ப்பது அவருடைய புதுப் பழக்கம். ஏன் ஓட்டோவுக்கு மாறினீர்கள் என்று சந்தையில் யாராவது கேட்டால், "பாலத்துல ஜேம் ஜாஸ்தியாயிருச்சுப்பா, அதான்" என்பார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நாங்களும் சொல்வதில்லை.