உங்களுக்குத் தெரியுமா? கே.எல்.-01 வண்டியும் பொன்முடிப் பாதையும்

● தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் ஆன ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-இல். அதற்கு முன்னோடி, அதே நிறுவனத்தின் 150 சிசி இம்பல்ஸ் (2011). காலத்துக்கு முந்தி வந்ததால் யாரும் சீந்தவில்லை. விற்பனை நின்றபிறகுதான் அதன் அருமை பலருக்கும் உறைத்தது.

● எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் சீட் உயரம் 825 மி.மீ. அதன் ‘ப்ரோ’ வகையில் 891 மி.மீ. வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். சாலை சிக்னலில் ஒற்றைக் காலை ஊன்றிப் பாருங்கள், தெரியும்!

● அந்த ‘ப்ரோ’வுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. சஸ்பென்ஷன் முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. வரை அசையும் (சாதா வண்டியில் 190, 170). இதெல்லாம் கம்பெனியிலிருந்தே வருவதால் ஆர்.சி.-யில் வில்லங்கம் இல்லை. சாதா வண்டியை வாங்கி, நாமே உயரமாக்கி, சைலன்சரை மாற்றினால்? கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கறாராகச் சொன்னது: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த சலுகை அதோடு போயிற்று. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என்னைக் கேட்டால், ஆசைப்படுகிற உயரத்தை ஷோரூமிலேயே வாங்கிவிடுவது லாபம்.

● கே.எல்.-01 என்பது திருவனந்தபுரத்து வண்டிகளின் பதிவெண் தொடக்கம். அங்கே 2019-இல் ‘கே.எல்.01 சி.கே. 1’ என்ற எண் ஏலத்தில் 30 லட்ச ரூபாய்க்குப் போனது. வண்டிக்கல்ல, வெறும் எண்ணுக்கு! அது ஒட்டப்பட்டது ஒரு போர்ஷே காரில். அந்தப் பணத்தில் ஒரு தெருவுக்கே எக்ஸ்பல்ஸ் வாங்கித் தரலாம்.

● புது வண்டியில் முதலில் சரிசெய்ய வேண்டியது எஞ்சினை அல்ல, பின் ஷாக்கை. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது தன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 170 மி.மீ. அசைவுக்கு அது 55 மி.மீ. சொச்சம். அளப்பது சுலபம். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே பின்புறத்தில் ஓர் இடம் வரை டேப் பிடியுங்கள். பிறகு ஹெல்மெட், ஷூ, பை சகிதம் ஏறி உட்கார்ந்து, நண்பரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அமுங்கல். அதிகம் அமுங்கினால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் கம்பெனி வைத்தனுப்புவது ஒரே இறுக்கம்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கில் கொட்டி சைலன்சர் மாற்றுகிறவர்கள் காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்வதில்லை.

● மலையேற்றத்தில் வண்டி திணறுகிறதா? முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது, பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். முன் 13, பின் 40 என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இழுவை கூடும், நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும்.

● கம்பி வீல், ட்யூப் டயர். மண்ணில் பிடிப்புக்காகக் காற்றை அளவுக்கு மீறி இறக்கினால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பையில் ஒரு கைப்பம்பு இருக்கட்டும். புது வண்டியில் ஸ்போக்ஸ் தளரும், முதல் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

● 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் இளகிய மண்ணில், பூட்டிய சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்து நிற்கும். அதை நிற்க விடாமல் தடுப்பது இதே ஏ.பி.எஸ்.தான். அதனால்தான் இந்த வகை வண்டிகளில் அதன் வேலையைக் குறைக்க வசதி தருகிறார்கள். தாரில் ஏறியதும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

● கண்ணூர் அருகே முழப்பிலங்காடு கடற்கரை மணலில் சுமார் 4 கி.மீ. வண்டி ஓட்டலாம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது பழகின வேலைதான். பக்கத்திலேயே கடல், வருடத்துக்கு இரண்டு பருவமழை!

● திருவனந்தபுரம் அருகே உள்ள பொன்முடி மலைக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். ஆசிய மலைச் சைக்கிள் போட்டி 2023 அக்டோபரில் அங்கேதான் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு பைக்கைக் காட்டுக்குள் திருப்பாதீர்கள். சுற்றிலும் வனத்துறை நிலம், வழக்கு நிச்சயம்.

● உலகின் கடினமான ராலி என்று பெயரெடுத்த டக்காரில், 2024-இல் ராலி-2 பிரிவை வென்ற முதல் இந்தியர் ஹரித் நோவா. மொத்த வரிசையில் 11-ஆம் இடம். ஓட்டியது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக. ஊர்? ரயிலில் கேரளத்தைக் கடந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஷொர்ணூர்!