ஊரார் என்னும் உறவு



நாட்டுப்பற்று என்றால் என்ன என்பதை அறியத் திருப்பூர்ப் பிள்ளைகள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இவ்வூர்த் தெருவிலே ஊர்வலம் சென்ற குமரன், தடியடி பட்டு வீழ்ந்தபோதும் கையிற் பற்றிய கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அன்று நம்மை ஆண்டவர் அயலார். அவர்களை எதிர்த்து நிற்பதற்கு, 'நாம் ஒரு நாட்டினர்' என்ற உணர்ச்சி மக்களை ஒன்றுதிரட்டியது. ஆனால், ஒரே ஊரில் பல மொழியினர் கலந்து வாழ்வதற்கு அவ்வுணர்ச்சி ஒன்றே போதுமா? இதைத்தான் இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

நீங்கள் அணியும் பனியனை எண்ணிப் பாருங்கள். நூல் துணியாகிறது, துணி சாயம் ஏறுகிறது, வெட்டப்பட்டுத் தைக்கப்படுகிறது, தேய்த்து மடிக்கப்படுகிறது. எத்தனை கைகள்! முன்னாளில் அவை பெரும்பாலும் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களின் கைகள். பின்னர் மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்தன. இந்த நூற்றாண்டில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலத்தார் வந்து சேர்ந்தனர். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி என்னும் இடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எழுதிய கை, பிற்காலத்தில் இந்தி என்றும் ஒடியா என்றும் எழுதலாயிற்று.

இவர்கள் விருந்தினர் அல்லர். இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லவும், அங்கே குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டென்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு கூறுகிறது. ஆயினும், சட்டம் குடியிருக்க இடம் தரலாமே அன்றி, அண்டை வீட்டாரின் நம்பிக்கையைத் தந்துவிட இயலாது.

இதற்கு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதமே சான்று. தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. வேறெங்கோ நிகழ்ந்தவற்றை இங்கே நிகழ்ந்தன என்று காட்டினர். திருப்பூரிலும் தொழிலாளரிடையே அச்சம் மூண்டது. மாவட்ட ஆட்சியினரும் காவல்துறையினரும் உதவி எண்களை அறிவித்தனர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. பொய் பொய்யென்று தெளிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அஞ்சியவரும், அவர் யாரைக் கண்டு அஞ்சினாரோ அவரும் ஒரே நாட்டின் குடிமக்கள்; இருவருக்கும் கொடி ஒன்றே. இருந்தும் வதந்தி வென்றது ஏன்? ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தமையால் அன்றோ?

இன்னுமொரு சான்று நமது நொய்யலாறு. வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றில் சாயக்கழிவு கலந்தது. பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலே சாயநீர் தேங்கியது. கீழ்ப்பகுதி உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. வழக்குகள் நடந்து, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாது சுத்திகரிக்க வேண்டும் என்பதே விதியாயிற்று. ஆற்றைக் கெடுத்தவர் அயலாட்சியார் அல்லர். நாட்டுப்பற்றிற் குறைந்தவரும் அல்லர். ஊர்ப் பொதுவை யாருடையதோ என்று எண்ணிய மனமே அதைக் கெடுத்தது.

ஆகவே, நாட்டுப்பற்றுக்கு அப்பால் நமக்கு வேண்டுவது ஊரார் என்னும் உறவு. அது பிறப்பினாலோ மொழியினாலோ வருவதன்று. ஆறு, தெரு, குடிநீர்க் குழாய், பள்ளி ஆகிய பொதுப் பொருள்களைச் சேர்ந்து காப்பதனால் வருவது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடம் பிடித்தவன் எவ்வூரான் என்று எவரும் கேட்பதில்லை.

'வந்தவர்களால் நம் மொழி தேயாதா? நம் கூலி குறையாதா?' என்று நீங்கள் கேட்கலாம். இவை புறக்கணிக்கத் தக்க கேள்விகள் அல்ல. வந்த பிள்ளைக்குத் தமிழ் கற்பித்தால் தமிழுக்கு ஒரு நா கூடுகிறது. அப்பிள்ளை தன் தாய்மொழியை இழக்க வேண்டுவதுமில்லை. வந்தவருக்குக் குறைந்த கூலி கொடுக்க இடம் விட்டால்தான் உள்ளூராரின் கூலியும் சரியும். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது இருவருக்கும் காவல். அதைக் கேட்கும்போது இருவரும் ஓரணியில் நிற்கின்றனர்.

மாணவர்களே, உங்களால் ஆவது சிறிதன்று. அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கப் பழகுங்கள். கைபேசியில் வரும் செய்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் தெருவின் ஒரு பொதுப் பொருளைக் காக்கும் பணியில் அத்தெருவார் அனைவரையும் அழையுங்கள். கொடியைக் காத்தவரின் ஊரில் பிறந்தவர்களும் அவ்வூருக்கு வந்தவர்களும் ஒருவரையொருவர் காக்கக் கற்றுக்கொண்டால், அதுவே அவருக்கு நாம் செய்யும் நன்றி.