சினிமாச் சுருளும் சிறு கமராவும்

சினிமாவுக்கென்று செய்த படச்சுருளைக் கைக்கமராவில் இட்டுப் படம் பிடிக்கலாமா என்று கேட்பவர் உளர். கேள்வி சற்று வேடிக்கையானதே. 35 மில்லிமீற்றர்க் கமரா பரவியதே சினிமாச் சுருளை நம்பித்தான். ஜேர்மனியில், வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் என்பவர் 1914ஆம் ஆண்டளவில் ஒரு சிறு கமராவை அமைத்தார். சினிமாக் கமராவிலே சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு படத்துக்கு ஓரத்துத் துளைகள் நான்கு. பார்னாக் அதே சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, எட்டுத் துளை நீளத்தை ஒரு படத்துக்கு ஒதுக்கினார். 18க்கு 24 மில்லிமீற்றராயிருந்த படம் 24க்கு 36 ஆயிற்று. அதன் வழிவந்ததே 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா.

ஆகவே அளவிலே தடையில்லை. 400 அடிச் சுருளொன்றை இருட்டறையில் வெட்டிக் கூடுகளில் அடைத்தால், 36 படம் எடுக்கத்தக்க கூடுகள் ஏறக்குறைய 75 தேறும். சிக்கனக்காரருக்கு வேறென்ன வேண்டும்!

சிக்கல் சுருளின் முதுகிலே இருக்கிறது. கொடக் நிறுவனத்தார் தமது வண்ண நெகற்றிவ் சினிமாச் சுருள்களின் பின்புறத்தில் நெடுங்காலமாகக் கரிப்பூச்சொன்று இட்டு வந்தனர். விரைந்தோடும் சுருளில் உராய்வினால் மின்பொறி எழுந்தால் படத்திலே மின்னற்கோடு விழும். சுருளை ஊடுருவிய ஒளி பின்புறத்திற் பட்டுத் திரும்பினால், விளக்குகளைச் சுற்றிச் செவ்வொளி படரும். இவ்விரண்டையும், கீறல்களையும் அக்கரி தடுக்கும். 2025இல் கரிப்பூச்சற்ற சுருளையும் அந்நிறுவனம் வெளியிட்டது; ஆயினும் பழைய சுருள்கள் இன்னும் பலரிடம் உள்ளன.

சினிமா ஆய்வுகூடத்தில் முதலிற் காரக்கரைசலில் அக்கரியை இளக்கி, நீரைப் பீய்ச்சி அகற்றிய பின்னரே படத்தை உருத்துலக்குவர். சாதாரண ஸ்ரூடியோ இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. அங்கே சொல்லாமற் கொடுத்தால், கரி இரசாயனத்திற் கலந்து, உருளைகளில் ஒட்டி, அடுத்தவரின் கல்யாணப் படங்களையும் பாழாக்கிவிடும். தம் படத்தைப் பரிசோதனைக்கு விடுவது அவரவர் விருப்பம். பிறர் படத்தை விடுவதற்கு எவருக்கு உரிமை? ஆதலால் முன்கூட்டியே கேட்டறிந்து கொடுங்கள். அல்லது, ஒளிபுகாத் தொட்டியிலே வெண்காரக் கரைசலால் நீங்களே கழுவப் பழகுங்கள்.

இன்னொன்று. மின்விளக்கொளிக்கென அமைந்த சுருள் பகல் வெளிச்சத்திலே நீலம் பாரிக்கும்; செம்மஞ்சள் வடிகண்ணாடி அதைச் சீர்செய்யும்.

இத்தொல்லைகள் வேண்டாதவர் கறுப்பு வெள்ளையில் தொடங்கலாம். 1959இல் வெளிவந்த டபிள் எக்ஸ் என்னும் சினிமாச் சுருளில் கரிப்பூச்சு இல்லை. வழக்கமான கறுப்பு வெள்ளை உருத்துலக்கியே அதற்குப் போதும்.